23 லூப் இருக்கிறது, ஒரு பாட்டுகூட இல்லை: எந்த குரூவ்பாக்ஸ் வாங்கலாம்?

கேள்வி: அண்ணா, வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 27. பகல் முழுக்க எக்செல், மெயில். ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். ஹவுஸ், டெக்னோ மாதிரி நடன இசை என்றால் உயிர். மூன்று வருடமாக லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளை வைத்து முயன்று பார்க்கிறேன். 23 லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சின்ன இசைத் துண்டு) சேர்ந்திருக்கிறது, ஒன்றுகூட முழுப் பாட்டாகவில்லை. திரையைத் திறந்தாலே ஆபீஸ் ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால் குரூவ்பாக்ஸ், அதாவது கம்ப்யூட்டர் இல்லாமலே நடன இசை அமைக்கும் பெட்டி, வாங்க 45,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். நோவேஷன் சர்க்யூட் டிராக்ஸ், ரோலண்ட் எம்சி-101, எலெக்ட்ரான் மாடல்:சைக்கிள்ஸ், இந்த மூன்றில் எது வாங்கலாம்? கடன் வாங்கியாவது டிஜிடாக்ட் வாங்கு, இல்லையென்றால் எம்பிசி வாங்கு என்கிறான் நண்பன். பள்ளிக்கூட நாட்களில் ஆறு வருடம் மிருதங்கம் படித்தேன், அது இதற்கு உதவுமா? பெட்டி வந்ததும் லேப்டாப்பை விற்றுவிடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் "23 லூப்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இந்தப் பெட்டிகளை வைத்து மேடையில் வாசிப்பதும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான் என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதே குறைதான். நாலு பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) அருமையாக இருக்கும். ஐந்தாவது பாரில் என்ன செய்வதென்று தெரியாது. இன்னொரு சத்தம் சேர்ப்பார்கள், அப்புறம் இன்னொன்று. ஒரு கட்டத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து, சலித்து, ஃபைலை மூடிவிடுவார்கள்.

ஆகவே சத்தம் எதில் நன்றாக இருக்கிறது, எத்தனை டிராக் (ஒவ்வொரு ஒலிக்குமான தனி வரிசை) என்பதெல்லாம் பிறகு பார்ப்போம். நீங்கள் சொன்ன ஐந்து பெட்டிகளையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: லூப்பை விட்டு வெளியே வர உங்கள் கைக்கு எது வழி கொடுக்கிறது?

அதற்கு முன் ஒரு கணக்கு. 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி) வேகத்தில் ஒரு பார் 1.875 விநாடி. எட்டு பார் சரியாக 15 விநாடி. ஆறு நிமிடப் பாட்டு என்றால் இப்படி 24 எட்டு-பார்கள். நடன இசையில் ஏறக்குறைய எல்லா மாற்றமும் இந்த எட்டு பார் எல்லையில்தான் நடக்கும். கிக் (கனமான டிரம் அடி) நிற்கும், ஹை-ஹாட் (சிம்பல் ஒலி) நுழையும், கிளாப் (கைதட்டல் ஒலி) வரும், பாஸின் (கீழ்ச்சுருதி ஒலியின்) ஃபில்டர் மெல்லத் திறக்கும். எட்டு பார் என்றால் 32 அடி. ஓர் எண்ணிக்கைக்கு ஓர் அடி என்று போட்டால் உங்கள் ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). மிருதங்கம் உதவுமா என்று கேட்டீர்களே, உதவி இங்கேயே தொடங்கிவிட்டது. நாலு ஆவர்த்தனம் உள்ளுக்குள் எண்ணத் தெரிந்தவருக்கு எப்போது கை வைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மென்பொருளில் இந்த 24 மாற்றங்களையும் எப்படிச் செய்கிறீர்கள்? பாட்டை நிறுத்தி, கட்டங்களை மவுஸால் இழுத்து, ஒட்டி, மறுபடி ஓடவிட்டுக் கேட்கிறீர்கள். பகலில் எக்செல்லில் செய்கிற அதே வேலை. கண் களைத்துப்போகும், காது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும். பெட்டியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்போது ஓர் ஒலியை அணைத்துத் திறக்கும் மியூட் பொத்தானை அழுத்துவீர்கள். அந்த ஆறு நிமிடத்தை அப்படியே ரெக்கார்ட் செய்தால் அதுதான் பாட்டு. தப்பினால் மறுபடி முதலிலிருந்து வாசிப்பீர்கள், கச்சேரிக்குச் சாதகம் செய்வதுபோல. குரூவ்பாக்ஸ் வாங்குவதற்கு உருப்படியான காரணம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ரோலண்ட் நிறுவனம் 1996-ல் எம்சி-303-ஐ விட்டபோதுதான் "குரூவ்பாக்ஸ்" என்ற பெயரே வந்தது. டிரம் சத்தம், மின்னணு ஒலி உண்டாக்கும் சிந்தசைசர் (சுருக்கமாக சிந்த்), ஒலிகளை வரிசையாக ஓட்டும் சீக்வென்சர் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, ஓடும்போதே கையால் மாற்றலாம் என்பதுதான் அன்றைக்கும் அதன் விஷயம்.

சரி, இப்போது பெட்டிகள்.

உங்களுக்கு நான் சொல்வது சர்க்யூட் டிராக்ஸ். 2021-ல் வந்தது. இரண்டு சிந்த் டிராக், நாலு டிரம் டிராக், வெளிக் கருவிகளை ஓட்ட இரண்டு மிடி டிராக். திரை கிடையாது. 32 பேட்கள் (தட்டும் கட்டங்கள்) வண்ண விளக்கோடு எரியும், அவ்வளவுதான். திரையைப் பார்த்தாலே ஆபீஸ் ஞாபகம் வருகிற உங்களுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? மிக்ஸர் பக்கம் போனால் எட்டு நாப்களும் (திருகு குமிழ்களும்) ஒவ்வொரு டிராக்கின் ஒலி அளவாக மாறிவிடும், மியூட்களும் அங்கேயே இருக்கும். மேலே தனியாக ஒரு ஃபில்டர் நாப். இடப்பக்கம் திருப்பினால் உச்ச ஒலிகள் மங்கி, பக்கத்து மண்டபத்தில் பாட்டு ஓடுவதுபோல் கேட்கும். வலப்பக்கம் திருப்பினால் அடி ஒலி கரைந்து, ஹாட்டும் கிளாப்பும் மட்டும் மிஞ்சும். நடுவுக்குக் கொண்டுவந்தால் முழு ஒலியும் திரும்பிவிடும். எட்டு பார் முடிகிற இடத்தில் அந்த நாப்பை நடுவுக்குக் கொண்டுவந்து, மியூட்டில் இருந்த கிக்கையும் திறந்துவிட்டால் போதும், கேட்கிறவர் கால் தானாக ஆடும்.

சைடுசெயினும் உண்டு. கிக் விழுகிற ஒவ்வொரு முறையும் பாஸ் ஒரு கணம் ஒதுங்கி வழிவிடும், அதனால்தான் நடன இசை மூச்சு விடுவதுபோல் கேட்கிறது. மென்பொருளில் இதை அமைக்க நாலைந்து படி ஏற வேண்டும். இதில் தயாராக ஏழு அளவுகள் இருக்கின்றன, ஒன்றைத் தொட்டால் முடிந்தது. பேட்டர்ன்களை (நீங்கள் எழுதிய ஒலி வரிசைகளை) சேர்த்து சீன் என்று 16 வைத்துக்கொள்ளலாம், சீன்களை வரிசையாக ஓடவும் விடலாம். உள்ளே பேட்டரி இருக்கிறது, நாலு மணி நேரம் போல நிற்கும். மொட்டைமாடிக்கு எடுத்துப் போகலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இதில் நேரடியாகச் சாம்பிள் (வெளி ஒலியின் துண்டுப் பதிவு) எடுக்க முடியாது, கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். சிந்த் ஒலியை அடிமட்டத்திலிருந்து செதுக்கவும் கம்ப்யூட்டர் தேவை, பெட்டியில் இருப்பது எட்டு நாப் அளவு மாற்றம்தான். யூஎஸ்பி வழியாக ஒலி வராது, மிடியும் சார்ஜும் மட்டுமே. ரெக்கார்ட் செய்ய ஒயர் போட்டாக வேண்டும். இதோடு கூடப் பிறந்த சர்க்யூட் ரிதம் சாம்பிள் எடுக்கும், ஆனால் அதில் சிந்த் கிடையாது. முதல் பெட்டியாக நீங்கள் அதை வாங்க வேண்டாம்.

மாடல்:சைக்கிள்ஸ் எனக்கு மிகவும் பிடித்த பெட்டி. ஆறு டிராக், ஆறு வகை எஃப்எம் ஒலி (ஓர் ஒலி அலையால் இன்னொன்றை அசைத்து உண்டாக்குவது). உலோகம் மாதிரி, மரம் மாதிரி, கண்ணாடி மாதிரியெல்லாம் சத்தம் வரும். எலெக்ட்ரான் பெட்டிகளுக்கே உரிய ஒரு வித்தை இதில் உண்டு. ஒரு ஸ்டெப் (பாரின் 16 பங்கில் ஒன்று) பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாப்பைத் திருப்பினால், அந்த ஒரு ஸ்டெப்புக்கு மட்டும் ஒலி மாறும். 16 ஸ்டெப்பில் ஏழாவது மட்டும் நீளமாக இழுக்கும், பத்தாவது மட்டும் சுருதி இறங்கும். இன்னொன்று, "இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் ஒலி" என்று ஒரு ஸ்டெப்புக்கு நிபந்தனை போடலாம். ஒரே ஒரு பார் எழுதினாலும் அது பல சுற்றுக்கு அலுக்காது. இங்கேதான் உங்களை நினைத்துக் கவலைப்படுகிறேன். லூப்பை அழகுபடுத்தவே ராத்திரி முழுக்க ஆசைகாட்டும் பெட்டி இது. 23-ஐ 46 ஆக்கிவிடும். டெக்னோ மட்டும்தான் செய்வேன், ராகம், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எதுவும் பெரிதாக வேண்டாம் என்கிறவருக்கு இதை முதலாவதாகச் சொல்வேன். நீங்கள் ஹவுஸையும் சொல்கிறீர்கள். ஹவுஸ் இசைக்குச் சூடான கார்டுகள் வேண்டும். இதிலும் கார்டு ஒலி இருக்கிறது, ஆனாலும் சர்க்யூட்டின் ஆறு குரல் (ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும்) சிந்த் இரண்டு தருகிற வசதி இதில் இல்லை.

எம்சி-101-இல் நாலு டிராக்தான். ஆனால் ஒரு டிரம் டிராக்குக்குள்ளேயே 16 ஒலிகள் அடங்கும். உள்ளே 3,000-க்கும் மேற்பட்ட தயார் ஒலிகள் இருக்கின்றன. பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் எதைக் கேட்டாலும் இருக்கும். ஏஏ பேட்டரி நாலில் ஓடும். யூஎஸ்பி-யில் ஒலியும் வரும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் இரண்டு வரித் திரைக்குள் மெனு மெனுவாக இறங்கி ஒலி தேடி, அந்த ஒரு மணி நேரம் தேடலிலேயே போய்விடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஒலி தேர்ந்தெடுப்பதில் நீங்கள் கண்டிப்பானவராக இருந்தால் மட்டும் பாருங்கள்.

டிஜிடாக்ட் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் தப்பில்லை. பிரமாதமான பெட்டி. எந்தச் சத்தத்தையும் ஒயர் போட்டு உள்ளே இழுத்து, வெட்டி வாசிக்கலாம். நாளைக்கு உங்கள் மிருதங்கத்தின் தொப்பி ஒலியையே கிக்காக வைக்கலாம். ஆனால் இது சாம்பிள் வைத்து வேலை செய்கிற பெட்டி, என்ன ஒலி வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் வேகமாக ஓடும். கடன் வாங்கி வாங்கினால் ஒவ்வொரு ராத்திரியும் தவணை ஞாபகத்தோடுதான் அதைத் திறப்பீர்கள். அது வேண்டாம். எம்பிசி ஒன் பெரிய தொடுதிரையோடு வருகிற முழு ஸ்டுடியோ. உங்களுக்குத் திரைதான் பிரச்சினை என்று சொல்லிவிட்டீர்கள், இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

வசதி குறைந்த பெட்டியைச் சொல்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். டிபி-303 என்ற சின்ன வெள்ளி நிறப் பெட்டியின் கதையைக் கேளுங்கள். ரோலண்ட் 1981-ல் அதைக் கொண்டுவந்தது, தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்காரருக்குப் பாஸ் வாசிக்க ஆளில்லாத குறையைத் தீர்க்கத்தான். நிஜ பாஸ் கிடார் போல அது ஒலிக்கவில்லை. சுரம் ஏற்றுகிற முறையும் கடினம். விற்கவில்லை, சில வருடங்களிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடந்ததைச் சிகாகோ இளைஞர்கள் வாங்கி, ஓடும்போதே நாப்களைத் தாறுமாறாகத் திருப்பினார்கள். ஃபியூச்சர் என்ற குழு 1987-ல் வெளியிட்ட பதிவோடு ஆசிட் ஹவுஸ் என்ற வகையே பிறந்தது. இன்னும் நமக்குப் பக்கத்தில் வாருங்கள். 1982-லேயே மும்பையில் சரண்ஜித் சிங் என்ற சினிமா இசைக் கலைஞர் இதே டிபி-303-ஐயும் டிஆர்-808 டிரம் பெட்டியையும் வைத்து, டிஸ்கோ தாளத்தின்மேல் ராகங்களை வாசித்து இசைத்தட்டு போட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை, 2010-ல் மறுபதிப்பு வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் கையில் இருந்த டிபி-303-இல் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். உங்கள் 45,000 ரூபாய்க்கு அதைவிட எத்தனையோ மடங்கு கிடைக்கிறது.

அந்தத் தொகை முழுவதையும் பெட்டிக்கே கொட்டிவிடாதீர்கள். மூடிய வகை ஹெட்ஃபோன் ஒன்று அவசியம், காதுக்குள் செருகும் இயர்போனில் கிக்கின் அடிப்பகுதி எப்படி இருக்கிறதென்று தெரியாது. அப்புறம் ரெக்கார்ட் செய்ய இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இண்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டருக்கு ஒலியை அனுப்பும் கருவி) அல்லது லைன்-இன் (ஒயர் செருகும் ஒலி உள்ளீடு) உள்ள கையடக்க ரெக்கார்டர். நான் ரெக்கார்டரைத்தான் சொல்வேன், லேப்டாப்பைத் திறக்காமலே வேலை முடியும். ஒயர்களுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். இதையெல்லாம் சேர்த்தால் பட்ஜெட் இடிக்கிறது என்றால் பெட்டியைப் பழையதாக வாங்குங்கள். நேரில் போய் 32 பேட்களையும் ஒவ்வொன்றாக மெதுவாகவும் ஓங்கியும் தட்டிப் பாருங்கள், ஒரு தட்டுக்கு இரண்டு ஒலி வந்தால் விட்டுவிடுங்கள். நாப்பை மெல்லத் திருப்பும்போது அளவு குதிக்கக் கூடாது. சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைப்பதை நான் சொல்ல மாட்டேன். சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து விலை ஏறிவிடும், பழுதானால் இங்கே வாரண்டியும் செல்லாமல் போகலாம்.

பேட்டரியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு கல்லூரி விழாவில் பட்ட அடி. வாசித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்க இரண்டே விநாடிதான் ஆனது. மேடை விளக்கெல்லாம் உடனே வந்துவிட்டது. பேட்டரி இல்லாத என் பெட்டி அணைந்து, மெதுவாக எழுந்தது. அன்று சாயங்காலம் ஒத்திகையில் செய்து சேமிக்காமல் விட்டிருந்த மாற்றங்கள் ஒன்றும் இல்லை. 400 பேருக்கு முன்னால் வெறும் கிக்கிலிருந்து மறுபடி கட்டினேன். சர்க்யூட்டிலும் தானாகச் சேமிப்பு கிடையாது. சேவ் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால்தான் பதியும். முதல் நாளிலிருந்தே கையைப் பழக்குங்கள்.

பெட்டி வந்த ராத்திரி இதைச் செய்யுங்கள். வேகம் 128. டிரம் பக்கத்தில் மேலே உள்ள இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டாக, 16 ஸ்டெப். கிக்கை இரண்டு வரிசையிலும் 1, 5-இல் வையுங்கள். கிளாப் இரண்டிலும் 5-இல் மட்டும். திறந்த ஹை-ஹாட் இரண்டிலும் 3, 7. ஹவுஸ் இசையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். இனி முதல் சிந்த்தில் ஒரு பாஸ் ஒலி எடுத்து, மைனர் ஸ்கேலில், ஹாட் விழுகிற அதே இடங்களில் ஒரே சுரத்தை வையுங்கள். சைடுசெயினைப் போடுங்கள். இரண்டாவது சிந்த்தில் ஒரே ஒரு கார்டு, எங்கே வேண்டுமானாலும். இத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். இதற்கு 20 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

இப்போது சேவ். எல்லா டிராக்கையும் மியூட் செய்து ஹாட்டை மட்டும் திறந்து, ரெக்கார்டரை ஓடவிடுங்கள். தொடையில் தாளம் போட்டு நாலு ஆவர்த்தனம் எண்ணுங்கள். சமத்தில் (தாளச் சுற்று தொடங்கும் அடியில்) ஒரு மாற்றம், ஒன்றே ஒன்று. அப்புறம் நாலு ஆவர்த்தனம், இன்னொன்று. தப்பினாலும் நிறுத்தாமல் ஆறு நிமிடம் வரை போங்கள். மறுநாள் புது பேட்டர்ன் எழுதாதீர்கள், இதையே மறுபடி வாசியுங்கள். மூன்றாம் நாளும் இதே. மூன்றாவது ரெக்கார்டிங்குக்கு ஒரு பெயர் வைத்துச் சேமியுங்கள். உங்கள் முதல் பாட்டு அது.

ஒரு மாதம் கழித்து இன்னொன்று முயன்று பாருங்கள், இது மிருதங்கம் படித்தவருக்கே உரியது. சர்க்யூட்டில் ஒவ்வொரு டிராக்கின் நீளத்தையும் தனித்தனியாக வைக்கலாம். கிக்கை 16-இலேயே விட்டு, பாஸை மட்டும் 14 ஸ்டெப் ஆக்குங்கள், அதாவது மிஸ்ரம் (ஏழு) இரண்டு. முதல் சுற்றிலேயே பாஸ் இரண்டு ஸ்டெப் முந்திவிடும், அடுத்ததில் நாலு. கேட்கிறவருக்குத் தரை நகர்வதுபோல் இருக்கும், ஆனால் கிக் நிலையாக நிற்கும். 112 ஸ்டெப் முடிந்ததும், அதாவது ஏழு பார் போனபின், எட்டாவது பாரின் முதல் அடியில் இரண்டும் சேர்ந்து சமத்தில் விழும். கோர்வை முடிந்து சமத்தில் வந்து உட்காருகிற அதே நிம்மதி. அந்த இடத்தில் கிளாப்பைத் திறந்துவிடுங்கள். 10 ஸ்டெப் வைத்தால் கண்டம் (ஐந்து) இரண்டு, அது ஐந்து பாரில் சேரும். ஹை-ஹாட்டையும் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டெப்பையும் ஆறு பங்காகப் பிரித்து அடியைத் தள்ளி வைக்க இதில் வசதி உண்டு. ஒரு பங்கு பின்னால் தள்ளினாலே நடை மாறிவிடும். எவ்வளவு தள்ளினால் சுகம் என்று உங்கள் விரலுக்கே தெரியும்.

கடைசியாக லேப்டாப். விற்காதீர்கள். சாம்பிள் ஏற்றவும், சிந்த் ஒலி செதுக்கவும், புராஜெக்ட்களைப் பத்திரப்படுத்தவும் காம்போனென்ட்ஸ் என்ற மென்பொருள் வேண்டும், அது கம்ப்யூட்டரில்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கினால் போதும். அந்த 23 லூப்பிலிருந்தும் பிடித்த கிக், கிளாப், ஹாட் ஒலிகளைத் தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து உள்ளே ஏற்றிக்கொள்ளுங்கள். மூன்று வருடம் தேடிச் சேர்த்த ஒலிகள் அவை, உங்கள் முதல் பாட்டு அவற்றிலிருந்தே வரட்டும்.